கையாற் கற்ற பெருமகன் ஜி. டி. நாயுடு



ஆண்டு விழா மலர்களிலே பெரியோர் வரலாறுகள் இடம்பெறுவது நம் மரபு. புலவர்களையும் துறவிகளையும் விடுதலை வீரர்களையும் பற்றி நீங்கள் இம்மலரின் முன்னைய இதழ்களிற் படித்திருப்பீர்கள். இவ்வாண்டு வேறு வகையான பெரியார் ஒருவரை உங்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். அவர் காவியம் எதுவும் பாடவில்லை. பட்டம் எதுவும் பெறவில்லை. திருப்புளியும் எண்ணெய்த் துணியும் அவருடைய எழுதுகோலும் ஏடுமாயின. சிறு வயதிலே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அவர், பிற்காலத்திலே பொறியியற் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்து அதன் முதல்வராகவும் அமர்ந்தார். பின்னர் அப்பதவியையும் உதறிவிட்டு வெளியேறினார். ஓடியதற்கும் வெளியேறியதற்கும் காரணம் ஒன்றே. கையாற் செய்யாத கல்வி முழுமையான கல்வியாகாது என்பதே அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. அவரே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

கலங்கற் கிராமத்துச் சிறுவன்

தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியிலே, கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துள்ள சிற்றூர் கலங்கல். அங்கு 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் கோபால்சாமி நாயுடு என்னும் உழவருக்கு மகனாகத் துரைசாமி பிறந்தார். தந்தை பெயரையும் தம் பெயரையும் சேர்த்து ஜி. டி. நாயுடு என்று பின்னாளில் அறியப்பட்டார்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களும் மனப்பாடமும் பிரம்பும் ஆட்சி செய்த காலம் அது. துரைசாமிக்கு அவ்வகுப்பறை ஒரு கூண்டாகவே தோன்றியது. ஆசிரியரின் கண்ணிலே மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடிவிட்டார் என்று அவருடைய வரலாற்றைக் கூறுவோர் சொல்வார்கள். இச்செயலை எங்கள் பள்ளி மாணவர்கள் பின்பற்றத் தேவையில்லை என்பதை ஆசிரியன் என்ற முறையிற் சொல்லிவைப்பது என் கடமை. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வகுப்பறையை வெறுத்த அச்சிறுவன் அறிவை வெறுக்கவில்லை. பள்ளிப்படிப்புத் தொடக்க நிலையிலேயே நின்றுபோன பின்னர் அவர் தாமாகவே நூல்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினார். பிறர் கட்டாயப்படுத்தியபோது கசந்த எழுத்து, தமக்குத் தேவை என்று உணர்ந்தபோது இனித்தது.

சாலையிலே கண்ட பாடம்

நாயுடு இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், நிலவரித் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவ்வூர் வழியாக மோட்டார்ச் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இன்றித் தானாக ஓடும் வண்டியை நாயுடு அதற்கு முன்னர் கண்டதில்லை. அது ரட்ஜ் என்னும் ஆங்கிலக் கம்பெனியின் வண்டி. இடையிலே அது நின்றுபோனபோது, அதிகாரி மண்ணெண்ணெயும் துணியும் கேட்டுப் பெற்று, உறுப்புகளைத் துடைத்துப் பொருத்தி மீண்டும் ஓடவைத்தார் என்று கூறப்படுகிறது. ஊரவர்கள் வண்டியை வியந்தார்கள். அந்த இளைஞரோ வண்டியின் உள்ளே என்ன இருக்கின்றது என்று வியந்தார்.

அவ்வியப்பு அவரை ஊரில் இருக்கவிடவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவகத்திலே பரிமாறுபவராக வேலைக்கு அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசு காசாகச் சேமித்தார். சுமார் 300 ரூபா சேர்ந்ததும் அந்த அதிகாரியிடமே சென்று அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர்வலம் வருவதே எவருக்கும் முதலில் தோன்றும் ஆசை. நாயுடுவோ அதைத் திருகு திருகாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், மறுபடியும் கழற்றினார். மாணவர்களே, கழற்றுவது எளிது. குழந்தையும் கழற்றும். மீண்டும் பூட்டும்போதுதான் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்விடத்தில் இருக்கின்றது என்ற கேள்வி எழுகின்றது. பெற்றோலும் காற்றும் எங்கே கலக்கின்றன? அக்கலவையைப் பற்றவைக்கும் பொறி எங்கிருந்து வருகின்றது? எரிந்த வாயு தள்ளிய ஆடுதண்டின் நேரசைவு எவ்வாறு சில்லின் சுழற்சியாக மாறுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை கூற அவரிடம் ஆசிரியர் இல்லை. தவறாகப் பூட்டினால் வண்டி ஓடாது. சரியாகப் பூட்டினால் ஓடும். அந்த இரும்பு ஆசிரியர் பிரம்பு எடுக்கவுமில்லை, பொய்ப் பாராட்டு வழங்கவுமில்லை.

ஒரு பேருந்திலிருந்து ஒரு நிறுவனம்

பின்னர் நாயுடு பருத்தி வாணிகத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரிலே பெரும் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று பெரிய வணிகர்களுடன் போட்டியிட்டு அதனை இழந்தார். கை வெறுமையாகத் திரும்பியவருக்கு, கோயம்புத்தூரின் புகழ்பெற்ற ஆங்கிலத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் உதவினார். அவ்வுதவியுடன் 1920ஆம் ஆண்டிலே பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார்.

ஒரு பேருந்து பலவாகியது. யூ.எம்.எஸ். என்னும் பெயரில் அவருடைய பேருந்துகள் கொங்கு நாட்டின் சாலைகளெங்கும் ஓடின. நேரந் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் அந்நிறுவனம் பெயர் பெற்றது. முதலாளியாகிய பின்னரும் அவர் பட்டறையை விட்டு அகலவில்லை. பழுதடைந்த வண்டியின் அடியிலே படுத்து எழக்கூடிய முதலாளியின் முன்னே எந்தத் தொழிலாளியாலும் சாக்குச் சொல்ல முடியாதல்லவா?

கிணற்றடிக்கு வந்த மின்சாரம்

1932ஆம் ஆண்டிலே நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு மின்சாரம் தாராளமாக வரலாயிற்று. அதுவரை கொங்கு நாட்டு உழவர்கள் ஆழக் கிணறுகளிலிருந்து எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே பயிர் வளர்த்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்திலே துலா மிதித்த முதியோர்க்கு அந்த உழைப்பின் கடுமை விளங்கும். மின்சாரம் வந்தது, அதனைக்கொண்டு நீரிறைக்கும் மோட்டாரோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

1937ஆம் ஆண்டிலே, பாலசுந்தரம் நாயுடு என்னும் திறமைமிக்க தொழினுட்பாளருடன் இணைந்து, ஜி. டி. நாயுடு மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவிலே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. பாலசுந்தரம் நாயுடு பின்னாளிலே டெக்ஸ்டூல் என்னும் பெருநிறுவனத்தைத் தோற்றுவித்தார். இன்று இந்தியாவின் நீரிறைக்கும் பம்புகளுக்குக் கோயம்புத்தூர் பெயர்பெற்ற நகராக விளங்குகின்றது. சிறு பட்டறைகளிலே கையாற் கற்ற மனிதர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் மேலும் பலருக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்த தொழில் அது.

நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணஞ் செய்தார். பிறர் கோபுரங்களைப் பார்த்த இடங்களிலே அவர் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936ஆம் ஆண்டிலே இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கமெராவினாலே படம்பிடித்தார். உலர்மின்கலத்தினால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயினால் இயங்கும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவருடைய கண்டுபிடிப்புகள் பல திசைகளிற் சென்றன. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த 1941ஆம் ஆண்டிலே, ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாவுக்குத் தம்மால் வழங்க முடியும் என்று அறிவித்தார். கோயம்புத்தூர் மக்கள் அவரை அதிசய மனிதர் என்று அழைத்ததிலே வியப்பில்லை.

கல்லூரி முதல்வராகிய நாயுடு

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

1944ஆம் ஆண்டிலே நாயுடு தமது போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வு மாணவர்களுக்கும் தம் தொழிலாளர்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பல நன்கொடைகளை அறிவித்தார். மறு ஆண்டு, 1945இல், அவருடைய முயற்சியாலும் பொருளாலும் கோயம்புத்தூரிலே ஒரு தொழினுட்பப் பயிலகமும் ஒரு பொறியியற் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அவை அழைக்கப்பட்டன. முதல்வர் இருக்கையிலே நாயுடு அமர்ந்தார். தொடக்கப்பள்ளியைத் தாண்டாத ஒருவர், பட்டம் வழங்கும் கல்லூரிக்குத் தலைவரானார்!

கல்லூரியிலே புதிதாகச் சேரும் இளைஞர்கள் நான்கு ஆண்டுகள் பயில வேண்டும் என்பது அன்றைய விதி. நாயுடுவுக்கு இது பொருந்தவில்லை. அந்நான்கு ஆண்டுகளிலே பெரும்பகுதி வீணாகின்றது என்றும், ஒழுங்காகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் வாதிட்டார். பல தொழிற் பயிற்சிகளை ஒரே கூரையின் கீழ் நடத்த வேண்டும் என்றும் திட்டம் வகுத்தார். ஆட்சியாளர்கள் உடன்படவில்லை. பட்டத்தின் அளவுகோல் ஆண்டுகளே என்று அவர்கள் நின்றார்கள். செய்து காட்டும் திறமையே அளவுகோல் என்று இவர் நின்றார். முடிவிலே நாயுடு பதவியை விட்டு விலகினார்.

விலகியவர் ஓய்ந்திருக்கவில்லை. மோட்டார், வானொலி முதலிய தொழில்களிலே இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கும் வகுப்புகளைத் தாமே நடத்தினார். உறுப்புகளைக் கையிலே கொடுத்து, பூட்டிப் பார்க்கச் செய்து, பழுதைத் தேடச் செய்து கற்பிப்பதே அவ்வகுப்புகளின் முறை. கலங்கலிலிருந்து வந்த இளைஞனுக்கு ரட்ஜ் வண்டி கற்பித்த முறையும் அதுவே.

ஒன்றை இங்கே நடுநிலையோடு சொல்ல வேண்டும். நாயுடு விட்டுச் சென்ற கல்லூரி அழிந்துபோகவில்லை. 1950ஆம் ஆண்டிலே வேறிடத்துக்கு மாறி, அரசினர் தொழினுட்பக் கல்லூரியாக இன்றும் ஆயிரக்கணக்கான பொறியியலாளர்களை உருவாக்கி வருகின்றது. அவர்கள் நான்கு ஆண்டுகளே பயில்கின்றார்கள். கோட்பாடும் கணிதமும் ஆழமாக வேர்விட ஆண்டுகள் தேவைதான். நாயுடு கூறிய இரண்டு ஆண்டுக் கணக்கு எல்லாத் துறைக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், எங்கள் ஒன்ராறியோவிலே வாட்டர்லூப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, சில மாதங்கள் வகுப்பு, சில மாதங்கள் தொழிலகம் என்று மாறி மாறிக் கற்கும் முறையைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்த மாணவர் முதல், ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் தொழினுட்பக் கல்விப் பாடம் ஒன்றைக் கட்டாயமாகப் பயில வேண்டும் என்று மாகாண அரசு விதித்துள்ளது. கோயம்புத்தூரிலே ஒரு மனிதர் தனியாக நின்று கேட்டதை உலகம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றது.

கோபமும் இழப்பும்

பெரியோர் வரலாற்றிலே குறைகளை மறைப்பது நன்றன்று. நாயுடு கோபக்காரர். 1952ஆம் ஆண்டிலே இருவர் அமரக்கூடிய சிறு மோட்டார்க் கார் ஒன்றை 2000 ரூபா விலையில் உருவாக்கினார். அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிட்டவில்லை. வரிச்சுமையும் அனுமதிக் கட்டுப்பாடுகளும் தம்மைப் போன்றோரின் கைகளைக் கட்டிவிட்டன என்று அவர் மனங் கொதித்தார். அக்கொதிப்பினாலே, 1950களிலே, தாம் உருவாக்கிய பொருள்களையே மக்கள் முன்னிலையிலே உடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். அச்செயலைப் புகழ்ந்தவர்களும் உண்டு, பழித்தவர்களும் உண்டு. என் மனத்திலே இரண்டும் எழுகின்றன. படைத்தவனே படைப்பை உடைக்கும் நிலை ஒரு நாட்டுக்கு வரக்கூடாது. அதேவேளை, உடைத்த பொருள்களிலிருந்து ஓர் இளைஞன் எவ்வளவோ கற்றிருக்கலாமே என்ற ஏக்கமும் எழுகின்றது.

இறுதிக் காலம் வரை அவர் பருத்தியிலும் பப்பாளியிலும் வேளாண்மைச் சோதனைகள் செய்தார். தம் கருவிகளைத் திரட்டிப் பொதுமக்கள் பார்க்கக் காட்சிக்கு வைத்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், எண்பதாவது வயதிலே, இயற்கை எய்தினார். கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையிலே உள்ள அருங்காட்சியகத்தை இன்றும் பள்ளி மாணவர்கள் பார்வையிடுகின்றார்கள். அதே சாலையிலே ஹோப் காலேஜ் என்னும் பேருந்து நிறுத்தம் உண்டு. கல்லூரி அங்கிருந்து பெயர்ந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2025ஆம் ஆண்டு அக்டோபரிலே அச்சாலையின் மேல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளமான மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிய கைக்கு, இலட்சம் வண்டிகள் ஓடும் பாலம் நினைவுச்சின்னமாயிற்று.

டைனமோ கற்பித்த பாடம்

இவ்வரலாற்றை நான் ஏன் இவ்வளவு ஈடுபாட்டுடன் எழுதுகிறேன் என்று பெற்றோர்கள் கேட்கலாம்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை; மின்கலங்களுக்கும் தடை. நான் அப்போது சிறுவன். எங்கள் அயலிலே இருந்த பெரியவர் ஒருவர் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியை இயக்குவார். மாலைச் செய்திக்கு ஊரே கூடும். மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. மெதுவாகச் சுழற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். வேகமாகச் சுழற்றினால் எழும். டைனமோ தருவது திசைமாறும் மின்னோட்டம் என்பதும், வானொலி கேட்பது ஒரே திசை மின்னோட்டம் என்பதும், இடையிலே இருவாயிகளைப் பொருத்தினாலன்றி வானொலி பேசாது என்பதும் அன்றே எங்கள் கைகளுக்குத் தெரிந்துவிட்டன. அவற்றின் பெயர்கள்தாம் பின்னர் தெரிந்தன.

காலஞ் சென்று நான் விஞ்ஞான ஆசிரியனானேன். உயர்தர மாணவர்களுக்குப் பரடேயின் விதியைக் கரும்பலகையிலே எழுதினேன். மாணவர்கள் பிழையின்றி எழுதினார்கள். தேர்விலும் புள்ளிகள் பெற்றார்கள். ஒருநாள் பழைய டைனமோ ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசென்று பிரித்துக் காட்டினேன். உள்ளே ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் மட்டுமே இருப்பதைக் கண்டு அவர்கள் திகைத்த திகைப்பை நான் மறக்கவில்லை. ஒரு தவணை முழுவதும் நான் கற்பித்தது என்ன என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

பின்னர் நாடிழந்து இங்கு வந்தோம். சான்றிதழ்களை இழந்தவர்கள் எங்களுள் பலர்; கொண்டுவந்த சான்றிதழை ஏற்பாரின்றி நின்றவர்களும் பலர். ஆனால் எல்லை கடக்கும்போது எவரும் கேட்டுப் பறிக்க முடியாத உடைமை ஒன்று எங்கள் கைகளிலே இருந்தது. தையல் தெரிந்தவர் தைத்தார். மோட்டார் தெரிந்தவர் திருத்தினார். சமைக்கத் தெரிந்தவர் சமைத்தார். அந்தக் கைகள் கட்டிய வீடுகளிலேதான் மாணவர்களே, நீங்கள் பிறந்தீர்கள்.

மார்க்கத்து வீடுகளிலே ஒரு பட்டறை

எங்கள் பள்ளியிலே பயின்று, கல்லூரியிலே கணினித் துறையில் முதலாண்டு சேர்ந்த பழைய மாணவர் சிலர் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை உதவிக்கு வந்திருந்தார்கள். வலையமைப்புத் தொடர்பு ஏழு அடுக்குகளாக விளக்கப்படும் என்பதை அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். நான் ஒரு நீளக் கம்பியையும் இரண்டு முனைச் செருகிகளையும் அழுத்தும் குறடு ஒன்றையும் மேசையில் வைத்து, இரண்டு கணினிகளை இணைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். ஒருவரும் அதுவரை செய்து பார்த்ததில்லை.

கம்பியின் உறையை உரித்தபோது எட்டு இழைகள் வெளிப்பட்டன. அவை நான்கு சோடிகளாக ஒன்றையொன்று முறுக்கியிருந்தன. ஏன் முறுக்க வேண்டும் என்று கேட்டேன். வெளியிலிருந்து வரும் மின்குழப்பம் இரண்டு இழைகளையும் ஒரே அளவிலே தாக்குமாறு செய்வதற்காகவே முறுக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே கருவி வாசிப்பதால், பொதுவான குழப்பம் கழிந்துபோகின்றது. பின்னர் வெண்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெண்பச்சை, நீலம், வெண்ணீலம், பச்சை, வெண்கபிலம், கபிலம் என்று வரிசைப்படுத்திச் செருகியிலே நுழைத்து அழுத்தினார்கள். முதல் முயற்சியிலே சோதிப்புக் கருவியின் எட்டு விளக்குகளில் இரண்டு எரியவில்லை. இரண்டாம் முயற்சியிலே நிற வரிசை பிறழ்ந்தது. மூன்றாம் முயற்சியிலே எட்டும் வரிசையாக எரிந்தன. அப்போது அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். ரட்ஜ் வண்டி முதன்முதல் மீண்டும் ஓடியபோது நாயுடுவின் முகமும் இப்படித்தான் மலர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கல்லூரிக்குச் செல்ல இருக்கும் மாணவர்களே, உங்கள் வீடே உங்கள் முதற் பட்டறையாகட்டும். இணையம் எவ்வழியாக வீட்டுக்குள் நுழைகின்றது, எந்தப் பெட்டி அதனைப் பகிர்கின்றது, எந்தெந்தக் கருவிகள் அதனோடு இணைந்துள்ளன என்று ஒரு தாளிலே படம் வரையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் வழங்கப்பட்ட எண் முகவரியைத் தேடி அப்படத்திலே குறியுங்கள். பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லைப் பெற்றோரின் அனுமதியுடன் மாற்றுங்கள். நிலக்கீழ் அறையிலிருந்து அம்மம்மா ஊருக்குக் காணொளி அழைப்பு எடுக்கும்போது படம் உறைந்துபோகின்றதா? எரிச்சலடையாமல், பெட்டியை இடம் மாற்றி வைத்து வேகத்தை அளந்து பாருங்கள். சமையலறை நுண்ணலை அடுப்பு இயங்கும்போதும் இயங்காதபோதும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும் என்பதைக் கண்டுகொள்வீர்கள். தேவைப்பட்டால் ஒரு கம்பியை நீங்களே செய்து கீழே கொண்டுசெல்லுங்கள். 100 மீற்றர் வரை அது தாராளமாகப் பேசும். சுவரின் மின்னிணைப்பிலே மட்டும் கை வைக்காதீர்கள். அது தகுதி பெற்ற மின்னியலாளரின் வேலை. அம்மம்மாவின் முகம் மலரும் வேளையிலே நீங்கள் பெறும் புள்ளி எந்த வினாத்தாளிலும் கிடைக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பழைய பெட்டி ஒன்றைக் கழற்றினால், உடைக்கிறான் என்று கண்டிக்காதீர்கள். மின்னிணைப்பு நீக்கப்பட்டிருக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். பின்னர் மீண்டும் பூட்டச் சொல்லுங்கள். பட்டம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. பட்டத்தின் மதிப்பை அதனை இழந்தவர்களாகிய நாம் அறிவோம். பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லட்டும். நான்கு ஆண்டுகளும் கற்கட்டும். அக்கல்வி தலையில் ஏறும்போதே கையிலும் இறங்கட்டும். பட்டம் சுவரிலே தொங்கும். கையிற் படிந்த அறிவு கூடவே வரும்.

கலங்கற் கிராமத்துச் சாலையிலே நின்றுபோன ஒரு வண்டியை ஊரே வேடிக்கை பார்த்தது. ஓர் இளைஞர் மட்டும் அதன் உள்ளே என்ன என்று கேட்டார். எங்கள் பள்ளியிலிருந்தும் அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் தோன்றுவார்களாக.